சந்தனம் வைத்த பட்டன்

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார முடியாது, பைக்கை விற்றால்தான் இனி வீட்டில் சோறு என்று என் மனைவி ஒரு நாள் சொல்லிவிட்டாள். பைக்கை விற்காமல் இருக்க நான் வாங்கிய பொருள்தான் அந்த சாட்டிலைட் டிராக்கர்.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, ஆரஞ்சு நிறம். ஜாக்கெட்டின் தோளில் மாட்டிக்கொண்டால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நான் இருக்கும் இடத்தை மேலே சாட்டிலைட்டுக்குச் சொல்லும். அது என் மனைவியின் போனுக்கு வந்து, வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளியாக விழும். நாங்கள் இருக்கும் ஆக்லாந்துக்கு மேற்கே மலைக்குள் போய்விட்டால் போனில் ஒரு சிக்னல் கோடுகூட இருக்காது. டிராக்கருக்கு அந்தக் கவலை இல்லை, தலைக்கு மேல் ஆகாயம் தெரிந்தால் போதும். பக்கவாட்டில் ஒரு சின்ன மூடி, மூடிக்குள் ஒரு பட்டன். அதை அழுத்திப் பிடித்தால் நம்மைத் தேடி ஹெலிகாப்டர் வரும். கடைக்காரர் அந்தப் பட்டனைக் காட்டி, இதை அழுத்தும் நாள் உங்களுக்கு வராமல் இருக்கட்டும் என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

என்னோடு பைக் ஓட்டுகிறவன் ஒருவன்தான். என் மனைவியின் தங்கை புருஷன், என் சகலை. மாணவனாக வந்து, படிப்பை முடித்து, கடைசியில் பஸ் டிரைவராக நிலைத்தவன். சான்ட்ரிங்ஹாமில் வீடு, சான்ட்ரிங்ஹாமிலிருந்து டவுனுக்கு ஓடும் பஸ்ஸில் வேலை. நான் எல்லர்ஸ்லியில் ஒரு ஆபீசில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருப்பவன், வீடு மாசி என்கிற பகுதியில். நீயும் ஒரு டிராக்கர் வாங்கிக்கொள் என்று அவனிடம் சொன்னேன். "உங்ககிட்ட இருக்குல்ல சகல. அப்ப எங்கிட்ட இருக்கற மாதிரிதான்" என்றான். அவன் மனைவியும் அதையேதான் சொன்னாள். அக்கா பார்த்துக்குவா என்று.

என் கோபத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மேலே போனால் இது பொய்க் கதை ஆகிவிடும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்று ஊரில் சொல்வார்கள். மூக்கு வரைக்கும் வர அதற்கு நான் நேரமே கொடுத்ததில்லை, நேராகக் கைக்கு வந்துவிடும். டிராக்கர் வாங்கிய இரண்டாவது மாதம் என்று நினைவு. கடற்கரையில் ஒரு டீக்கடை வாசலில் நானும் சகலையும் முக்கால் மணி நேரம் வெட்டிக்கதை பேசிக்கொண்டிருந்தோம். வரைபடத்தில் புள்ளி நின்றுவிட்டது. என் மனைவி பதினோரு முறை போன் செய்திருக்கிறாள். கிடைக்கவில்லை என்றதும் தங்கைக்கு, பிறகு என் ஆபீஸ் நண்பனுக்கு, அதற்கும் பிறகு மதுரையில் தூங்கிக்கொண்டிருந்த என் அண்ணனுக்கு. சிக்னல் வந்த இடத்தில் என் போன் அடித்த அடியில், பைக்கை ஓரம் கட்டி எல்லாருக்கும் நான் சாகவில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

வீட்டுக்குள் நுழைந்ததும் கையில் கிடைத்தது காபி டபரா. எறிந்தேன். அவள் மேல் படவில்லை. இந்த ஊரில் வீட்டுக்குள் அட்டைச் சுவர்தான், கைப்பிடி அளவுக்கு ஓட்டை விழுந்தது. "புள்ளி நின்னா நான் டீ குடிக்கிறேன்னு அர்த்தம். செத்துட்டேன்னு அர்த்தம் இல்ல. இனிமே நீ எவனுக்காவது போன் பண்ணினன்னா இந்த வீட்டுல நடக்கறதே வேற" என்று கத்தினேன். மறுநாள் பார்த்தால் ஓட்டை மேல் கோயில் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு நான் வண்டியில் இருக்கும்போது அவளிடமிருந்து ஒரு போன்கூட வந்ததில்லை. பரவாயில்லையே, புத்தி வந்துவிட்டது என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். மடையன்.

அந்த வருடம் ஆயுத பூஜை எங்கள் வீட்டில். கராஜில் இரண்டு பைக்கையும் கழுவி நிறுத்தினோம். உள்ளே மேஜையில் லேப்டாப், வைஃபை பெட்டி, ரைஸ் குக்கர், அரிவாள்மனை எல்லாம் வரிசை கட்டி நின்றன. பஸ்ஸைக் கொண்டுவந்து மேஜையில் வைக்க முடியாதே, அதனால் சகலை தன் டிரைவர் பேட்ஜை வைத்திருந்தான். என் மனைவி ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தாள். டிராக்கரை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டு மூடியின் மேல் ஒரு பெரிய உருண்டையாகச் சந்தனத்தை அப்பினாள்.

"எதுக்கு அவ்வளவு?" என்றேன்.

"உசுரக் காப்பாத்தற பட்டன். இதுக்கு வைக்காம ரைஸ் குக்கருக்கா வைக்கிறது?"

"அப்படியே ஒரு எலுமிச்சம்பழத்தையும் கட்டி விட்டுருங்க அண்ணி. ஹெலிகாப்டர் சீக்கிரம் வரும்" என்றான் சகலை. அவன் மனைவி அவன் தலையில் குட்டினாள். எல்லாரும் பொரி கடலை தின்றோம்.

பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி அன்று எடுத்துப் பயன்படுத்த வேண்டும், அது முறை. வைத்த சந்தனத்தைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும், அதுவும் முறை. ஆகவே வேலை நாளாக இருந்தும் இரண்டு பேரும் லீவு போட்டோம். காலையில் டயருக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு மாசியிலிருந்து கிளம்பினோம். சந்தனம் அப்பிய டிராக்கர் என் தோளில் இருந்தது. "போயிட்டு வரேன்" என்றேன். "வாங்க" என்றாள்.

மலை ஏறி, மறுபக்கம் கடலுக்கு இறங்கும் ஒரு மண்சாலையில் திரும்பினோம். வாரநாள் என்பதால் ஈ காக்கை இல்லை. சகலை முன்னால், நான் ஐம்பது மீட்டர் பின்னால். ஒரு குருட்டு வளைவில் கீழேயிருந்து ஒரு யூட் ஏறி வந்தது. பின்னால் திறந்த தொட்டி வைத்த வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். தொட்டியில் ஒரு நாய் நின்றிருந்தது. வண்டி சாலையின் நட்டநடுவில் வந்தது. அதன் முன்முனை சகலையின் வலது பக்கத்தை இடித்த சத்தம் எனக்கு இன்னும் பல்லில் இருக்கிறது. பைக்கோடு சேர்ந்து அவன் இடது பக்கப் பள்ளத்துக்குள் போனான். யூட் என்னையும் உரசிக்கொண்டு மேலே போய், எண்பது மீட்டர் தள்ளி நின்றது.

நான் வண்டியைப் போட்டுவிட்டுப் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். பைக் அவன் வலது காலின் மேல் கிடந்தது. முழங்காலுக்குக் கீழே பேண்ட் கிழிந்து, உள்ளேயிருந்து வெள்ளையாக ஒன்று வெளியே வந்திருந்தது. ரத்தம் மண்ணில் ஊறிக்கொண்டிருந்தது. அவன் கையைத் தூக்கி, "சகல" என்றான்.

இறங்கியிருக்க வேண்டும். பைக்கைத் தூக்கி, பெல்ட்டைக் கழற்றித் தொடையில் கட்டி, தோளில் இருந்த பட்டனை அழுத்தியிருக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு குழந்தையும் சொல்லும். நான் திரும்பி மேலே ஓடினேன்.

யூட்டிலிருந்து ஒரு ஆள் இறங்கிக்கொண்டிருந்தான். ஐம்பத்தைந்து வயது இருக்கும், கட்டம் போட்ட சட்டை. இங்கே சிக்னல் இல்லை, மேலே போனால் கிடைக்கும், நான் போய் ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறேன் என்று அவன் ஆங்கிலத்தில் சொன்னான். அவன் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஆனால் போகிறேன் என்ற ஒரு சொல்தான் உள்ளே போயிற்று. ஓடப் பார்க்கிறாயா என்று ஹெல்மெட்டைக் கழற்றி அவன் முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்தது கைக்குத் தெரிந்தது. அவன் கதவில் சாய்ந்தான். திரும்ப அடித்தேன். சில அடிகள் அவன் தோளில், சில தகரக் கதவில். தொட்டியில் நாய் சங்கிலியை அறுத்துக்கொள்வதுபோல் குரைத்தது. எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை அத்தனையும், மதுரைத் தமிழில், அந்தக் காட்டில் கத்தித் தீர்த்தேன். பிறகு உள்ளே கையை விட்டுச் சாவியை உருவி, கை ஓங்கிய வேகத்துக்குப் புதருக்குள் எறிந்தேன். போடா பார்க்கலாம் என்றேன். அதோடும் விடவில்லை. முன்விளக்கை உதைத்து உடைத்தேன், அவன் தரையில் உட்கார்ந்த பிறகும் அவன் தலைக்கு மேல் நின்று கத்திக்கொண்டிருந்தேன். அதெல்லாம் ஒரு நிமிடம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"முடிஞ்சுதா?" என்கிற அர்த்தத்தில் அவன் என்னைப் பார்த்து ஒன்று கேட்டான். மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. பிறகு எழுந்து, என்னைத் தாண்டி, பள்ளத்தை நோக்கி நடந்தான். அவர் என்று எழுதியிருக்க வேண்டும். கை இன்னும் அவன் என்றுதான் எழுதுகிறது.

இரண்டு பேருமாகப் பைக்கைத் தூக்கினோம். அவர் தன் சட்டையைக் கழற்றி சகலையின் காலில் வைத்து, முழு எடையையும் போட்டு அழுத்தினார். அப்போதுதான் எனக்குத் தோளில் இருந்த டிராக்கர் நினைவுக்கு வந்தது. மூடியைத் திறக்கப் பார்த்தேன், வரவில்லை. அப்பிய சந்தனம் இடுக்குக்குள் இறங்கிக் காய்ந்து கெட்டியாகியிருந்தது. நகத்தால் கீறினேன், நகம் உடைந்தது. பல்லால் கடித்தேன், வாயெல்லாம் சந்தன வாசனை. கடைசியில் என் வண்டிச் சாவியின் முனையால் சுரண்டினேன். உதிர்ந்தது, மூடி திறந்தது, அழுத்தினேன். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் இருக்கும். ஹெலிகாப்டர் வரும்வரை சகலை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வலி என்று நினைத்துக்கொண்டேன்.

போலீஸ் வந்தபோது அந்த மனிதரிடம் முகத்தில் என்ன காயம் என்று கேட்டார்கள். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, ஸ்டியரிங்கில் இடித்துக்கொண்டேன் என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நடுச்சாலையில் வந்தது தன் தப்பு என்பதாலா, சகலையின் ரத்தத்தில் அரைமணி நேரம் கை வைத்திருந்ததாலா, தெரியாது. நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

சகலையின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பஸ் ஓட்டுகிற கால். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று அவன் மனைவி டாக்டரிடம் கேட்டாள். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நேரம் எப்போதும் முக்கியம்தான் என்றார் அவர். உடனே அவள் என் பக்கம் திரும்பினாள்.

"எங்க லேட்டாச்சு மாமா?"

நான் பாக்கெட்டிலிருந்து டிராக்கரை எடுத்துக் காட்டினேன். மூடியைச் சுற்றிச் சாவி கீறிய கோடுகள், இடுக்கில் இன்னும் மஞ்சளாகச் சந்தனம். "பட்டன் தெறக்கல. சந்தனம் காஞ்சு ஒட்டிக்கிச்சு" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அதில் இருந்த விஷம்.

அவள் அக்காவைப் பார்த்தாள். "உன் சந்தனம் எம்புருஷன் கால எடுத்துருச்சுக்கா" என்றாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அன்றைக்கு இரண்டையும் நான்தான் பிரித்துக் கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்து என் மனைவி அடுக்களையில் போனை என் முன்னால் நீட்டினாள். வரைபடத்தைப் பெரிதாக்கியிருந்தாள்.

"இந்தப் புள்ளி பள்ளத்துக்கிட்ட. அவரு கெடந்தது இங்க. சரி. அதுக்கப்புறம் ரெண்டு புள்ளி ஏன் மேல இருக்கு?"

"அந்த ஆளு ஓடப் பாத்தான்டி."

"ஓடறவன் வண்டிய நிறுத்துவானாங்க? நீங்க பட்டன் அழுத்தினது இந்தா, இத்தனை மணிக்குன்னு இருக்கு. முதல் புள்ளியிலேர்ந்து பதினாலு நிமிஷம். எஞ் சந்தனத்துக்கு எத்தனை நிமிஷம் ஆச்சு?"

நான் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். காலண்டருக்குப் பக்கத்தில் இரண்டாவது ஓட்டை விழுந்தது. போன்தான் உடைந்தது. புள்ளிகள் எங்கோ ஒரு சர்வரில் பத்திரமாக இருக்கின்றன, அதைத் தெரிந்து வைத்திருக்கத்தான் எனக்கு மாசச் சம்பளம் கொடுக்கிறார்கள். அவள் நகரவே இல்லை.

"நான் பாத்துட்டுதாங்க இருந்தேன்" என்றாள். "வளைவுக்கிட்ட புள்ளி நின்னப்பவே பாத்தேன். ஒதவிக்குக் கூப்பிட போன எடுத்து நம்பரப் போட்டு வச்சிருந்தேன். அந்த மலைக்குள்ள ஏது டீக்கடைன்னும் நெனச்சேன். யாருக்காவது போன் பண்ணினா, வீட்டுக்கு வந்து நீங்க என்ன செய்வீங்கன்னும் நெனச்சேன். அப்படியே கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அதற்கு எறிய என் கையில் ஒன்றும் இல்லை. தங்கச்சிகிட்ட சொல்லிடுவியா என்று கேட்டேன். வெட்கம்கெட்ட கேள்வி, ஆனால் அதைத்தான் கேட்டேன்.

"சந்தனம்னா என்னிக்காவது ஒரு நாள் மறந்துருவா. இதச் சொன்னா இந்த வீட்டு வாசப்படியே மிதிக்க மாட்டா. நான் சொல்ல மாட்டேன். சொல்றதுன்னா நீங்க சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, கீழே கிடந்த கண்ணாடித் துண்டுகளைக் கூட்ட ஆரம்பித்தாள்.

நான் சொல்லவில்லை. ஒரு வருடம் சொல்லவில்லை. அந்த ஒரு வருடமும் தங்கைக்காரி அக்காவோடு நேருக்கு நேர் பேசவில்லை. என் மனைவி சமைத்துக் கொடுத்தனுப்பிய சாப்பாட்டுப் பாத்திரங்கள் கழுவித் திரும்பி வரும், கூட ஒரு சொல் வராது. சகலைக்கு பஸ் டிப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். அவனைப் பார்க்கப் போனால் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார மாட்டேன். பைக்கை விற்றேன். டிராக்கரை மட்டும் விற்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு சகலையே போன் செய்தான். "ரெண்டு பேரும் கட்டாயம் வரணும் சகல. அண்ணி இல்லாம வராதீங்க" என்றான். சான்ட்ரிங்ஹாம் போனோம். ஹாலில் பூஜை. பாய் மேல் தையல் மெஷின், லேப்டாப், அரிவாள்மனை. அதற்கெல்லாம் நடுவில், ஷூவோடு சேர்த்து நிமிர்ந்து நின்றது அவனுடைய செயற்கைக் கால். அவன் சோபாவில் உட்கார்ந்து, பேண்டை மடித்து விட்டுக்கொண்டு, "இப்ப இதுதான் நம்ம வண்டி" என்றான்.

என் மனைவி பழக்கத்தில் சந்தனக் கிண்ணத்தை எடுத்துவிட்டாள். குனிந்து அந்தக் காலுக்கு வைக்கப் போனாள். தங்கைக்காரி கிண்ணத்தைப் பிடுங்கினாள்.

"நீ வைக்காத. நீ வச்சது போதும்."

என் மனைவி விரலில் ஒட்டிய சந்தனத்தோடு கையை இழுத்துக்கொண்டாள். அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் புடவை முந்தானையில் துடைத்தாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"சந்தனம் இல்ல" என்றேன். "சந்தனம் ரெண்டு நிமிஷம். மிச்சமெல்லாம் நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். மேலே ஓடியதை, ஹெல்மெட்டை, மூக்கை, உதவிக்குப் போகிறேன் என்றவனின் சாவியைப் புதரில் எறிந்ததை, அந்த இரண்டு புள்ளிகளை. நின்றுகொண்டேதான் சொன்னேன். சொல்லி முடித்ததும் சகலையைப் பார்த்தேன்.

"தெரியும் சகல" என்றான்.

அவன் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"தகரத்துல அடிக்கற சத்தம் கீழ கேட்டுச்சு. எண்ணிட்டே கெடந்தேன். ஒவ்வொரு அடிக்கு அப்புறமும், இதோட வந்துருவாருன்னு நெனச்சேன். ஒம்பது அடி. அப்புறம் விளக்கு ஒடையற சத்தம். அதுக்கப்புறமும் நீங்க வரல."

"ஏன்டா யார்கிட்டயும் சொல்லல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். அன்னிக்கும் பாத்தேன், இந்த ஒரு வருஷமாவும் பாத்தேன்."

தங்கைக்காரி எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தாள். மாமா என்று வாய் நிறையக் கூப்பிட்டவள், கல்யாணமான நாளிலிருந்து என் முன்னால் கால் நீட்டி உட்காராதவள். இன்னொரு முறை அறைந்தாள். அடுத்து கையில் இருந்த பித்தளைக் கிண்ணத்தாலேயே அடித்தாள். புருவத்துக்கு மேலே கிழிந்தது. கண்ணில் ரத்தமும் சந்தனமும் சேர்ந்து இறங்கின. என் கை தானாக ஓங்கப் பார்த்தது. அதைக் கீழேயே வைத்துக்கொண்டேன். அடிக்க வேண்டிய அளவு அடித்துவிட்டு, மூச்சு வாங்க நின்றாள். சகலை தடுக்கவில்லை. என் மனைவியும் தடுக்கவில்லை.

என் மனைவி குனிந்து, தரையில் சிந்திய சந்தனத்தைப் பொறுமையாக வழித்துக் கிண்ணத்தில் சேர்த்துத் தங்கையிடம் நீட்டினாள். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அழுதுகொண்டே அந்தக் காலைக் கையால் காட்டினாள்.

"நீயே வையிக்கா."

என் மனைவி மோதிர விரலைச் சந்தனத்தில் தொட்டு, ஷூவுக்குக் கொஞ்சம் மேலே, ஒரே ஒரு புள்ளி வைத்தாள்.